மூன்று பிள்ளைகள், மூன்று மூலக்கூறுகள்

1964ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு டோரதி ஹாட்ஜ்கினுக்கு என்று ஸ்டாக்ஹோமிலிருந்து அறிவிப்பு வந்தபோது, அந்தக் குடும்பத்தின் ஐந்து பேரும் நான்கு நாடுகளில் இருந்தார்கள். டோரதி, கணவர் தாமஸ் வேலை பார்த்த கானாவுக்குப் போயிருந்தார். மூத்த மகன் லூக் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். மகள் எலிசபெத் ஜாம்பியாவில் ஆசிரியை. கடைக்குட்டி டோபி, கல்லூரியில் சேரும் முன் ஒரு வருடம் இருந்து பார்க்கலாம் என்று இந்தியாவுக்கு வந்திருந்தார்.

லண்டன் பத்திரிகைகளுக்கு இதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. 'ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசிக்கு நோபல்' என்று ஒரு நாளிதழ் தலைப்புப் போட்டது. இன்னொன்று, மூன்று பிள்ளைகளின் தாய்க்குக் கிடைத்த பரிசுத்தொகை எவ்வளவு என்று கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய வருடம்தான், கணவர் வழி உறவினரான ஆலன் ஹாட்ஜ்கினுக்கு மருத்துவ நோபல் கிடைத்திருந்தது. அவர் எத்தனை பிள்ளைகளுக்குத் தகப்பன் என்பது யாருக்கும் தலைப்பாகத் தோன்றவில்லை. (புற்றுநோய் வார்டில் 'ஹாட்ஜ்கின்' என்ற பெயரைக் கேட்டிருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த நோய்க்குப் பெயர் கொடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவரும் இந்தக் குடும்பத்து உறவுதான்.)

அந்தத் தலைப்புகளைப் படித்து இன்றைக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தில் தாயைக் கதையிலிருந்து தூக்கிவிட்டு விஞ்ஞானியை மட்டும் வைத்துக்கொண்டால், டோரதி யார் என்பதே பிடிபடாது. பென்சிலின், வைட்டமின் பி-12, இன்சுலின் ஆகிய மூன்றும் எப்படிப்பட்ட வடிவம் கொண்டவை என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். அறிவியலில் நோபல் பெற்ற ஒரே பிரிட்டிஷ் பெண் இன்றுவரை அவர்தான். அந்த ஆய்வு நடந்த வருடங்களில்தான் பிள்ளைகளும் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். உடம்பும் அப்போதுதான் படுத்தியது. வீடு ஒரு பக்கம், லேப் ஒரு பக்கம், ஊர்ப் பொதுக்காரியம் ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பழக்கம் அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது.

மோலி என்கிற அம்மா

டோரதி 1910 மே 12 அன்று கெய்ரோவில் பிறந்தார். அப்பா ஜான் க்ரோஃபூட் எகிப்திலும் சூடானிலும் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கல்வித்துறை அதிகாரி. பிற்காலத்தில் ஜெருசலேமில் தொல்லியல் பள்ளியின் இயக்குநர். அம்மா கிரேஸ் மேரி ஹுட், எல்லோருக்கும் மோலி. கல்லூரிப் படிப்பு இல்லாதவர். ஆனால் அவர் கை வைக்காத துறை குறைவு. பிரசவம் பார்க்கப் பயிற்சி எடுத்திருந்தார். சூடானின் காட்டுச் செடிகளைத் தேடித் தேடி வரைந்து 1928இல் புத்தகமாகவே போட்டார். சூடானியப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து நூற்கவும் நெய்யவும் கற்றுக்கொண்டார். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பழங்காலத் துணிகளை ஆராய ஆரம்பித்தார். பிற்காலத்தில் சாக்கடல் சுருள்கள் குகையில் கிடைத்தபோது, அவற்றைச் சுற்றியிருந்த லினன் துணியைப் பரிசோதிக்க அவரைத்தான் தேடி வந்தார்கள்.

சூடானில் சிறுமிகளுக்குச் செய்யப்பட்ட பிறப்புறுப்புச் சிதைப்பைப் பற்றி அதிகாரிகள் வாய் திறக்கத் தயங்கிய காலத்தில் பேசியவர் மோலி. உள்ளூர்ப் பெண்களுக்கே மருத்துவச்சிப் பயிற்சி தரும் பள்ளி 1921இல் ஓம்துர்மானில் தொடங்கியபோது அதற்குத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். முதல் உலகப்போரோடு அவருடைய சகோதரர்கள் நான்கு பேரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு யுத்தம் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. 1925இல் மகள் டோரதியை ஜெனீவாவுக்கு அழைத்துக்கொண்டு போய், உலக நாடுகள் சங்கத்தின் கூட்டத்தைக் காட்டினார். பதினைந்து வயதுப் பெண்ணைச் சுற்றுலா கூட்டிப்போக எத்தனையோ இடம் இருக்க, அவருக்கு அங்கே போகத்தான் தோன்றியிருக்கிறது.

இதில் பெருமை மட்டும் இல்லை. 1914இல் போர் தொடங்கியபோது டோரதிக்கு நான்கு வயது. தாய் தகப்பன் எகிப்துக்குத் திரும்பிப் போக, மூன்று பெண் குழந்தைகளும் இங்கிலாந்தில் ஒரு செவிலிப் பெண்ணின் பொறுப்பில், தாத்தா பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் விடப்பட்டார்கள். போர் முடியும்வரை அம்மாவைப் பார்த்தது அபூர்வம். 1918இல் மோலி திரும்பி வந்தபோது கையில் நான்காவது பெண் குழந்தை. நம் வீடுகளிலும் வளைகுடாவில் சம்பாதிக்கும் தகப்பனை இப்படி வருஷக் கணக்கில் பிரிந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. தாயைப் பிரிந்திருப்பது இன்னும் கடினம். டோரதி அம்மாமேல் வருத்தம் பாராட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் சின்ன வயதிலேயே தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பிடிவாதம் அவருக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

பத்து வயதில் சின்ன வகுப்பொன்றில் படிகாரத்தைக் கரைத்து நூலில் படிகம் வளர்த்துப் பார்த்தார். அதோடு பிடித்தது பைத்தியம். பதின்மூன்று வயதில் தங்கையோடு கார்ட்டூமுக்குப் போனபோது, ஆய்வுக்கூடத்தில் மண்ணை அலசித் தங்கம் பிரித்தெடுப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுத் தோட்டத்து ஓடையில் தானும் தட்டோடு இறங்கிவிட்டார். தங்கம் கிடைக்கவில்லை. கருப்பாக ஒரு கனிமம் கிடைத்தது. அது என்ன என்று கண்டுபிடிக்காமல் விடவில்லை. குடும்ப நண்பரான மண் வேதியியலாளர் ஜோசப் உதவியோடு அதை இல்மனைட் என்று அடையாளம் கண்டார். நம் கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் கருப்பாக மின்னுவதும் அதே இல்மனைட்தான். ஊருக்குத் திரும்பும்போது ஜோசப் ஒரு பெட்டி நிறைய ரசாயனப் பொருட்கள் கொடுத்து அனுப்பினார். வீட்டு மாடி அறை லேப் ஆனது. பள்ளியில் வேதியியல் பையன்களுக்குத்தான். டோரதியும் ஒரு தோழியும் மட்டும் கேட்டு வாங்கி அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள். பதினாறாம் பிறந்தநாளுக்கு மோலி பரிசளித்தது வில்லியம் பிராக் இளைஞர்களுக்காக எழுதிய அறிவியல் புத்தகம். எக்ஸ்ரேயை வைத்து அணுக்களைப் 'பார்க்க' முடியும் என்று அதில் படித்தார் டோரதி. அதற்கு அப்புறம் வேறு எதிலும் அவர் மனம் போகவில்லை.

புள்ளிகள் சொன்ன கதை

அந்தப் 'பார்ப்பது' எப்படி என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பொருளைப் படிகமாக்கி, அதற்குள் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால், மறுபக்கம் பிலிமில் படம் எதுவும் விழாது, புள்ளிகள்தான் விழும். யாரோ வாசலில் கோலப்புள்ளி மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எந்தப் புள்ளி அழுத்தமாக இருக்கிறது, எது மங்கல் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் மனதில் இருந்த கோலத்தை நீங்கள் போட்டுக் காட்ட வேண்டும். வேலை கிட்டத்தட்ட அதுதான். புள்ளியின் பிரகாசத்தை அளந்துவிடலாம். ஆனால் கதிரலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்ற பாதித் தகவல் பிலிமில் பதிவதே இல்லை. அதை ஊகித்து, கனமான அணு ஒன்றை உள்ளே வைத்து ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கில் கூட்டிக் கழித்துத்தான் மீட்க வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, இந்தக் கணக்கெல்லாம் கையால்.

1928இல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார் டோரதி. 1932இல் கேம்பிரிட்ஜில் ஜே. டி. பெர்னால் என்ற படிகவியலாளரிடம் போனார். 1934இல் அங்கே பெப்சின் என்ற செரிமானப் புரதத்தின் படிகத்தை அதன் தாய்க்கரைசலின் ஈரத்தோடு வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். புரதத்துக்கும் ஒழுங்கான உள்வடிவம் உண்டு என்று உலகுக்குத் தெரிந்தது அந்தப் படத்தால். பெர்னால் அந்த முதல் படத்தை எடுத்த நாளில் டோரதி ஊரில் இல்லை. விரல்களில் வலி என்று பெற்றோர் லண்டனில் ஒரு நிபுணரிடம் அவரை அழைத்துப் போயிருந்தார்கள். அப்போது வயது 24.

அதே வருடம் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பினார். கிடைத்த இடம் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் ஓர் அறை. டார்வினின் கொள்கையைப் பற்றி ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் 1860இல் மோதிக்கொண்ட அதே கட்டடம். மேலே டைனோசர் எலும்பு, கீழே டோரதி. நுண்ணோக்கியில் பார்க்க வெளிச்சம் வேண்டும். ஜன்னல் இருந்ததோ உயரத்தில், ஒரு பரண் போன்ற தட்டில். ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத படிகத்தை ஏந்திக்கொண்டு ஏறி இறங்குவார்.

ராபர்ட் ராபின்சன் என்ற பேராசிரியர் 10 மில்லிகிராம் இன்சுலினைக் கொண்டுவந்து கொடுத்தார். டோரதி அதைத் திரும்பக் கரைத்து, துத்தநாகம் சேர்த்து, மெதுவாகப் படிகம் வளர்த்தார். ஒரு படிகத்தைக் கதிரில் வைத்து மணிக்கணக்கில் காத்திருந்து, இரவில் பிலிமைக் கழுவிப் பார்த்தால், நடுவில் சின்னச் சின்னதாக ஒழுங்கான புள்ளிகள். சந்தோஷத்தில் தூக்கம் வராமல் ஆக்ஸ்ஃபோர்டு தெருக்களில் நடந்தார். காலையில் எழுந்ததும் பயம்: அது நிஜமாகவே இன்சுலின் படிகம்தானா? காலைச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஓடிப்போய்ப் பரிசோதித்துவிட்டுத்தான் நிம்மதியானார்.

லூக், எலிசபெத், டோபி

1937இல் தாமஸ் ஹாட்ஜ்கினைக் கல்யாணம் செய்துகொண்டார். பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் அரசு வேலையை மனம் ஒப்பாமல் உதறிவிட்டு வந்திருந்தவர் தாமஸ், அப்போது கம்யூனிஸ்ட். பிறகு தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் வேலையில் வட இங்கிலாந்துப் பக்கம் தங்கினார். வாரக் கடைசியில்தான் வீடு. வாரம் முழுக்கக் கடிதம். ஆப்பிரிக்க வரலாற்றில் பெரிய பெயராக அவர் வளர்ந்தது பின்னால்.

1938 டிசம்பரில் லூக் பிறந்தார். அதற்காகச் சோமர்வில் கல்லூரி டோரதிக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு பெற்ற முதல் பெண் அவர்தான் என்று சொல்கிறார்கள். குழந்தை பிறந்த சில வாரங்களில், நாலு வருடம் முன்பு விரலில் எட்டிப் பார்த்த வலி உடம்பு முழுக்கப் பரவியது. முடக்குவாதம். தானாக உடை மாற்றக்கூட முடியவில்லை. சிகிச்சைக்காகப் பக்ஸ்டன் என்ற ஊருக்குப் போக வேண்டியிருந்தது. தங்க உப்பு ஊசி போட்டார்கள். கைக்குழந்தை லூக்கை யார் பார்த்துக்கொள்வது? மோலிதான். தன் பிள்ளைகளை வருடக் கணக்கில் விட்டுப் போன அதே மோலி, பேரனை மடியில் வாங்கிக்கொண்டார்.

டோரதி லேபுக்குத் திரும்பியபோது எக்ஸ்ரே கருவியின் பெரிய சுவிட்சை அவரால் தள்ள முடியவில்லை. நீளமான நெம்புகோல் ஒன்றைச் செய்யச் சொல்லி அதில் மாட்டிக்கொண்டார். வேலை தொடர்ந்தது. விரல்கள் வருடத்துக்கு வருடம் கோணிக்கொண்டே போயின. அந்த விரல்களால்தான் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு படிகத்தைக் கண்ணாடி இழையின் நுனியில் ஒட்டவைத்தார். அருகில் இருந்த இளைஞர்கள், நமக்குக் கை நன்றாக இருந்தும் இவரைப் போல வரவில்லையே என்று வியந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் ஹென்றி மூர் என்ற சிற்பி அந்தக் கைகளை மட்டும் தனியாக வரைந்தார்.

பென்சிலின் வந்தது போர்க்காலத்தில். 1940இல் எலிகளில் சோதனை வெற்றியான சந்தோஷத்தில், பென்சிலின் ஆய்வுக் குழுவிலிருந்த எர்ன்ஸ்ட் செயின் தெருவில் டோரதியைப் பார்த்து, ஒருநாள் உனக்குப் படிகம் தருவோம் என்று சொன்னாராம். 1941இல் எலிசபெத் பிறந்தார். படிகம் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்தது. பார்பரா லோ என்ற மாணவியோடு உட்கார்ந்து, சோடியம், பொட்டாசியம், ருபீடியம் உப்புகளை ஒப்பிட்டு, துளை போட்ட அட்டைகளைச் சரக்குக் கணக்குப் பார்க்கும் இயந்திரத்தில் ஓட்டி, 1945இல் விடையைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் நான்கு அணுக்கள் மட்டும் கொண்ட இறுக்கமான ஒரு வளையம். அப்படியொரு வளையம் நிலைக்காது என்று வேதியியலாளர்கள் பலர் நினைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான் கார்ன்ஃபோர்த், அது மட்டும் உண்மையானால் நான் வேதியியலை விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போகிறேன் என்று சொன்னதாகப் பிரபலமான கதை உண்டு. வளையம் உண்மை. கார்ன்ஃபோர்த் காளானுக்குப் போகாமல் 1975இல் நோபல் வாங்கினார். பின்னாளில் ஆம்பிசிலின், அமாக்சிசிலின் என்று மருந்துக்கடைகளை நிறைத்த எல்லாவற்றுக்கும் அந்த நாலு அணு வளையம்தான் இதயம்.

1946இல் டோபி. 1948இல் சிவப்புப் படிகமாக வைட்டமின் பி-12. இன்றைக்கு நம் ஊரில் ரத்தப் பரிசோதனை எடுத்த பாதிப் பேரிடம் 'பி-12 கம்மி' என்று ரிப்போர்ட் இருக்கும். அன்றைக்கு அதன் குறைவால் வரும் ரத்தசோகை உயிரையே எடுக்கும் நோய். அதன் மூலக்கூறு பென்சிலினைவிடப் பல மடங்கு பெரிது. ஹைட்ரஜனை விட்டுவிட்டாலும் தொண்ணூறுக்கு மேல் அணுக்கள், மையத்தில் ஒரு கோபால்ட். கையால் கணக்கிட்டால் ஆயுள் போதாது.

இந்த இடத்தில் அரசியல் குறுக்கே வந்தது. 1953இல் அமெரிக்காவில் வேதியியலாளர் லைனஸ் பாலிங் கூட்டிய புரதக் கருத்தரங்குக்குப் போக டோரதிக்கு விசா மறுக்கப்பட்டது. அமைதி அமைப்புகளோடு தொடர்பு, கணவரின் கம்யூனிஸ்ட் தொடர்பு: அந்தக் கால அமெரிக்காவுக்கு அது போதும். அவர் சலித்துக்கொள்ளாமல் மாஸ்கோ போய் வந்தார். அதே வேளையில் லாஸ் ஏஞ்சலிஸில் கென்னத் ட்ரூப்லட் என்ற இளைஞர், தன் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைப் போட்டுத் தருகிறேன் என்று முன்வந்தார். டோரதி நாட்டுக்குள் நுழையக் கூடாது. அவர் எண்கள் தபாலிலும் தந்தியிலும் தாராளமாகப் போய்வரலாம். 1955-56இல் பி-12 முழுமையானது. அந்தக் கணக்குக்கு ட்ரூப்லட் காசு கேட்கவில்லை.

வீட்டில் யார் இருந்தார்கள்?

பெண் விஞ்ஞானி என்றால் நமக்கு ஒரு பாட்டு தயார்: ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் ஆராய்ச்சி, இரண்டையும் சமாளித்தார். டோரதி சமாளித்தது உண்மை. தனியாகச் சமாளிக்கவில்லை என்பதும் உண்மை. வீட்டில் சமைக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் சம்பளத்துக்கு ஆள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வராது. கஷ்டமான நாட்களில் பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டில். 1957இல் டோரதியும் தங்கை ஜோனும் உட்ஸ்டாக் ரோட்டில் பெரிய வீடொன்றைச் சேர்ந்து எடுத்துக் குடிபோனார்கள். எகிப்தியத் தொல்பொருள் ஆய்வாளரான ஜோனுக்கு ஐந்து பிள்ளைகள். இரண்டு குடும்பப் பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து தாமஸைப் பார்க்க வருபவர்கள், படிகம் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் என்று வீடு சத்திரம் மாதிரி. நம் ஊர்க் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு அந்த மேசைச் சத்தம் அன்னியமாக இருக்காது.

லேபும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. எல்லோருக்கும் அவர் 'டோரதி'. புரொஃபசர், மேடம் எதுவும் கிடையாது. பெண்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். பிள்ளை பெற்றவர்களும் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தக் காலத்துக்கு இது அபூர்வம். 1969இல், முதல் புள்ளிகளைப் பார்த்து 35 வருடம் கழித்து, இன்சுலினின் முழு வடிவம் வெளியான கட்டுரையில் பத்துப் பெயர்கள் இருந்தன. அகர வரிசையில் அல்ல என்றாலும், டோரதியின் பெயர் முன்னால் இல்லை.

அந்தப் பத்தில் ஒருவர் எம். விஜயன். கேரளத்தில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு முடித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போனவர். 1971இல் திரும்பி வந்து பெங்களூருவில் புரதப் படிகவியலைக் கட்டி எழுப்பினார். இந்தியாவில் அந்தத் துறை அவரோடுதான் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. 2022இல் காலமானார். பி-12 வேலையின் பிற்பகுதியில் கே. வெங்கடேசன் என்ற இன்னோர் இந்தியர் டோரதியோடு இருந்தார். சென்னையில் ஜி. என். ராமச்சந்திரன் 1963இல் கூட்டிய படிகவியல் கருத்தரங்கின் தொகுப்பில், பி-12 குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூலக்கூறு பற்றி, டோரதி, வெங்கடேசன் இருவர் பெயரும் உள்ள கட்டுரை இருக்கிறது.

இன்சுலின் வடிவம் தெரிந்ததால் சர்க்கரை நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கணையத்தில் இன்சுலின் துத்தநாகத்தைச் சுற்றி ஆறாறாகக் கட்டிக்கொண்டு கிடக்கிறது; ரத்தத்தில் வேலை செய்வது ஒற்றை மூலக்கூறு. ஊசியில் போட்ட இன்சுலினும் ஆறாகச் சேர்ந்துகொண்டால், பிரிந்து வேலை செய்யத் தாமதமாகும். எந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டுகிறது என்று வரைபடம் காட்டியது. அந்த இடத்தில் கொஞ்சம் மாற்றினால் சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின் கிடைக்கும். சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்ளும் இன்றைய ஊசிகளுக்குப் பின்னால் இருக்கும் யோசனை இதுதான்.

எல்லைகளைத் தாண்டி

சீனாவிலும் ஒரு குழு இன்சுலின் வடிவத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. கலாசாரப் புரட்சிக் காலம். வெளியுலகோடு தொடர்பு அறுந்திருந்தது. டோரதி 1972இல் பெய்ஜிங் போய் அவர்கள் வேலையைப் பார்த்தார். பிறகு கியோட்டோவில் நடந்த சர்வதேசப் படிகவியல் மாநாட்டில், வர முடியாத அந்தச் சீன விஞ்ஞானிகளின் முடிவுகளைப் பற்றி எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். போட்டியாளர் செய்த வேலைக்கு மேடை ஏறி வாதாட எத்தனை பேருக்கு மனம் வரும்?

வியட்நாம் போரின்போது மருத்துவ உதவிக் குழுவில் இருந்தார்; அந்த நாட்டுக்கும் போய்வந்தார். அணு ஆயுதத்துக்கு எதிரான விஞ்ஞானிகளின் பக்வாஷ் இயக்கத்துக்கு 1976 முதல் 1988 வரை தலைவர். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1970 முதல் 1988 வரை இருந்தபோது, ஏழை நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் ஏற்பாடானது. இரண்டுக்கும் ஹாட்ஜ்கின் பெயர். வேந்தர் பதவி என்றால் பட்டமளிப்பு அன்று அங்கி போட்டுக்கொள்வது என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1940களில் சோமர்வில்லில் அவரிடம் வேதியியல் படித்து, ஓர் ஆன்டிபயாட்டிக் படிகத்தில் ஆய்வும் செய்த மாணவி ஒருத்தி பிற்காலத்தில் பிரதமரானார்: மார்கரெட் தாட்சர். அரசியலில் இருவரும் வடதுருவம், தென்துருவம். தாட்சர் தன் அலுவலகத்தில் ஆசிரியையின் படத்தை மாட்டி வைத்திருந்தார். ஆசிரியையும் அவரைப் போய்ப் பார்த்து, சோவியத் நாட்டோடு பேசுங்கள் என்று வாதாடினார். மாணவி எவ்வளவு கேட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

1982இல் தாமஸ் கிரேக்க நாட்டில் காலமானார். 1993இல், 83 வயதில், பெய்ஜிங்கில் நடந்த படிகவியல் மாநாட்டுக்குப் போயே தீருவேன் என்று சக்கர நாற்காலியில் கிளம்பினார் டோரதி. அங்கே அவரைச் சுற்றிக் கூட்டம். அடுத்த வருடம் ஜூலை 29 அன்று வார்விக்‌ஷையர் கிராமத்து வீட்டில் இறந்தார். பக்வாஷுக்கு அமைதி நோபல் 1995இல் கிடைத்தது. ஒரு வருடம் தள்ளிப்போயிற்று.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? லூக் லண்டனில் கணிதம் நடத்தினார். கணிதத்தின் வரலாற்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார். டோபி பயிர்களின் மரபணு வளத்தைப் பாதுகாக்கும் வேலைக்குப் போனார். எலிசபெத் வரலாறு படித்து, பாட்டி மோலி மருத்துவச்சிப் பள்ளிக்குத் துணைநின்ற அதே சூடானுக்குப் போய், கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். பிறகு ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலில் சேர்ந்து மனித உரிமை மீறல்களை ஆராய்ந்தார்.